நான்கு வயதுக் குழந்தையும் நடுத்தரத் திரைப்படமும் – ஓர் உளவியல் நோக்கு

தமிழ்நாட்டில் குடும்பத்தோடு படம் பார்க்கும் வழக்கம் நூறாண்டுக்கு மேற்பட்டது. 1905-ஆம் ஆண்டில் திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அந்நாள் தொட்டு அரங்கு மாறியிருக்கிறது, கருவி மாறியிருக்கிறது, கட்டணம் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்த காலத்திலும், இன்று குளிரூட்டிய அரங்கில் சாய்விருக்கையில் பார்க்கும் காலத்திலும், கைக்குழந்தையையும் நடைபயிலும் பிள்ளையையும் உடன் தூக்கிச் செல்லும் வழக்கம் மட்டும் மாறவில்லை. மேல்நாட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஆள் அமர்த்திவிட்டுப் பெற்றோர் படத்துக்குப் போவர். நம் ஊரில் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. பாட்டியிடம் விட்டுச் செல்லலாம் என்றால், பாட்டிதான் முதலில் புடைவை மாற்றிக்கொண்டு வாயிலில் நிற்கிறார்!

இது பெற்றோர்க்குரிய பொருளாயிற்றே, கல்லூரி மலரில் எதற்கு என்று மாணவ நண்பர்கள் எண்ணக்கூடும். அக்காள் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு முதல்நாள் காட்சிக்குச் செல்லும் தாய்மாமன் யார்? விடுமுறையில் பெரியப்பா பிள்ளைகள் நால்வரையும் வரிசையாக நடத்திச் செல்லும் அத்தை யார்? பெரும்பாலும் நாமே. பெற்றவர்களைவிட நமக்குப் பொறுப்புக் குறைவு, ஆர்வம் மிகுதி. எனவே இதனை ஆராய்வது நமக்குப் பொருந்தும்.

தலைப்பில் நான்கு வயது என்று குறித்திருப்பினும், ஏறத்தாழ மூன்று முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளைக் கருத்திற்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ழான் பியாஜே குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்தபோது, இரண்டு முதல் ஏழு வயது வரையிலான காலத்தைத் தனிப் பருவமாகவே கொண்டார். காரண காரியங்களை முறையாகத் தொடுக்கும் ஆற்றல் இன்னும் உருவாகாத பருவம் அது. கண்ணெதிரே தோன்றுவதே இப்பருவத்துப் பிள்ளைக்கு உண்மை.

நடுத்தரப் படம் எது?

மிகத் தீய படத்தைப்பற்றி இங்கு நமக்குக் கவலையில்லை. அதற்குப் பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடாது என்பது எவருக்கும் தெரியும். மிகச் சிறந்த படத்தைப்பற்றியும் கவலையில்லை. அது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும். நம் கவலையெல்லாம் இடைப்பட்டதைப் பற்றியதே. படம் பார்த்துவிட்டு வந்தவரைக் கேட்டால், ‘பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம், குடும்பத்தோடு போகலாம்’ என்பார். அந்தப் படம்தான் ஆண்டின் ஐம்பத்திரண்டு வாரமும் நம் ஊர்த் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருப்பது.

அதன் அமைப்பை நோக்குவோம். நான்கு பாடல், மூன்று சண்டை, கதையோடு ஒட்டாமல் தனியே ஓடும் நகைச்சுவைப் பகுதி, இடைவேளைக்குப்பின் ஒரு ஃபிளாஷ்பேக், இறுதியில் தீயவன் வீழ்ச்சி. ஒவ்வொரு துண்டும் தன்னளவில் கவரவேண்டும் என்று கருதிச் செய்யப்படுகிறது. துண்டுகளைக் கோக்கும் நூல் மிக மெல்லியது; சிலவற்றில் நூலே இல்லை. பெரியவர்க்கு அதனால் இடர்ப்பாடு இல்லை. நூற்றுக்கணக்கான படம் பார்த்த பழக்கத்தால், இயக்குநர் விட்ட நூலை அவர்களே போட்டுக்கொள்வர். ‘இவன்தான் காணாமற்போன தம்பி’ என்று நம் வீட்டுப் பெண்கள் பத்தாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுவது அவ்வாறுதான். நான்கு வயதுப் பிள்ளையிடம் அந்நூல் இல்லை. அது துண்டுகளை மட்டுமே வீட்டுக்கு எடுத்து வருகிறது.

என் அக்காள் மகன் நாலரை வயதில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் எனக்குக் கதை சொன்னான். “மாமா, ஒரு நாய் வந்துச்சு. அப்புறம் கார் வெடிச்சிருச்சு. அவங்கம்மா அழுதாங்க. நாய் எங்க மாமா போச்சு?” அந்தப் படத்தை நானும் பார்த்திருந்தேன். நாய் ஒரே ஒரு காட்சியில் தெருவைக் கடந்து போகிறது. கதைக்கும் அதற்கும் எத்தொடர்பும் இல்லை. இரண்டரை மணிநேரமும் அவன் அந்த நாய்க்காகக் காத்திருந்திருக்கிறான்.

துண்டும் முழுமையும்

குழந்தைகளுக்குத் திரைப்படம் என்ன செய்கிறது என்ற வினாவை முதன்முதல் பெரிய அளவில் ஆராய்ந்தவை, அமெரிக்காவில் 1929 முதல் 1932 வரை நடைபெற்ற பேய்ன் நிதி ஆய்வுகள் எனலாம். 1933 முதல் அவை நூல்களாக வெளிவந்தன. ஒரு குழுவினர் ஒஹையோ மாநிலத்தில் சிறுவர்களின் கட்டிலில் கருவி பொருத்தி, படம் பார்த்த இரவில் அவர்கள் எத்தனை முறை புரண்டு படுக்கின்றனர் என்று அளந்தனர். இன்னொரு குழுவினர் நினைவாற்றலைச் சோதித்தனர். எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர்கள் படத்திற் கண்டவற்றில் வியக்கத்தக்க அளவை நினைவில் வைத்திருந்தனர். வாரங்கள் கழிந்தும் மறக்கவில்லை. ‘சின்னப் பிள்ளைதானே, அதுக்கென்ன தெரியும்’ என்று நாம் சொல்வது அன்றே பொய்யாயிற்று.

ஆனால் நினைவிருத்தல் வேறு, விளங்கிக்கொள்ளுதல் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியவர் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ காலின்ஸ். 1973-இல் அவர் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. வன்செயல் இடம்பெறும் தொலைக்காட்சிக் கதை ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். தீய நோக்கம், வன்செயல், அதற்குக் கிடைத்த தண்டனை ஆகியவற்றை ஒரு குழுவுக்கு இடையீடின்றிக் காட்டினார். மற்றொரு குழுவுக்கு இவற்றின் நடுவே விளம்பரங்களைச் செருகிக் காட்டினார். விளம்பரம் செருகிய படத்தைப் பார்த்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், பின்னர்த் தாம் எவ்வாறு நடப்போம் என்று கேட்கப்பட்டபோது, வன்மையான வழியையே மிகுதியாகத் தேர்ந்தனர். ஆறாம் வகுப்பினரிடமும் பத்தாம் வகுப்பினரிடமும் இம்மாற்றம் காணப்படவில்லை. சிறு பிள்ளைகளுக்கு இடையில் வந்த விளம்பரமே செயலையும் தண்டனையையும் பிரித்துவிட்டது.

இதனை நம் படத்தோடு வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். காலின்ஸ் சோதித்த பிள்ளைகளுக்கு எட்டு வயதேனும் இருக்கும். நாம் தூக்கிச் செல்பவனுக்கு நான்கு. அங்கே குறுக்கிட்டவை சில விளம்பரங்கள். இங்கே முதற்காட்சியில் கொலை. கடைசிக் காட்சியில் தண்டனை. இடையில் இரண்டு மணிநேரத்துக்கு மேல், நான்கு பாடல், ஓர் இடைவேளை, ஒரு சமோசா, ஒருமுறை கழிப்பறை. தண்டனை வரும்போது பிள்ளை பெரும்பாலும் தாயின் மடியில் உறங்கிக்கொண்டிருக்கும். ‘கடைசியில் கெட்டவன் அழியத்தானே செய்கிறான், நல்ல கருத்துத்தானே’ என்று நம் படங்களுக்காக வாதிடுவோர் காலங்காலமாகச் சொல்லிவரும் விடை, பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குப் பொருந்தலாம். நான்கு வயதுப் பிள்ளையிடம் அக்கருத்துப் போய்ச் சேர்வதில்லை என்பதே என் துணிபு. சேர்வது, முதற்காட்சியில் அரிவாள் ஓங்கிய கை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறந்த படமாயினும் சிறு பிள்ளை துண்டு துண்டாகவே காணும். வேறுபாடு என்னவெனில், நல்ல படத்தில் துண்டும் நன்றாக இருக்கும். எந்தக் கணத்தைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்து வந்தாலும் அதில் ஏதேனும் ஒரு பொருள் இருக்கும். நடுத்தரப் படம் தன் துண்டுகளின் குறையை முடிவினால் சரிக்கட்டுகிறது. அந்த முடிவைத்தான் பிள்ளை காண்பதில்லை.

அச்சம்

கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் நம் திரையரங்குகளுக்குச் சிறு பிள்ளைகளை மிகுதியாக ஈர்த்தவை பேயும் நகைச்சுவையும் கலந்த படங்கள். 2007-இல் வந்த ‘முனி’, 2011-இல் வந்த ‘காஞ்சனா’, அதன் தொடர்ச்சியாக 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்தவை, 2014-இல் தொடங்கி 2024-இல் நான்காம் பாகம் கண்ட ‘அரண்மனை’ ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கோடை விடுமுறையில் இத்தகைய படத்துக்கு நின்ற வரிசையில் முழங்கால் உயரப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

‘காஞ்சனா’வின் கதையமைப்பைப் பாருங்கள். பேய்க்கு அஞ்சித் தாயை விட்டு அகலாத ஒரு வளர்ந்த ஆண்மகன். அவனைக் கண்டு பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கின்றனர். ‘நம்மைப் போலவே இவரும் பயப்படுகிறாரே’ என்ற உறவு அது. நல்ல தொடக்கம்தான். பின்னர் அவன் உடலில் ஆவி புகுகிறது. முகம் மாறுகிறது, குரல் மாறுகிறது. அந்த ஆவி யார் என்பது இடைவேளைக்குப் பின்னரே தெரிய வருகிறது. தான் எடுத்து வளர்த்து மருத்துவராக்கிய மகளுக்காக மருத்துவமனை கட்ட நிலம் வாங்கி, அந்நிலத்தின் பொருட்டுக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. பெரியவர்க்கு அவ்விடத்தில் அச்சம் இரக்கமாக மாறுகிறது. அந்த மாற்றமே படத்தின் உயிர். திருநங்கையரை இழிவாகக் காட்டி வந்த நம் திரையுலகில் அது பாராட்டத்தக்கதும்கூட.

ஆனால் பின்னால் வரும் காட்சி முன்னால் நடந்ததைச் சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, காலத்தை மனத்தில் முன்பின்னாக மாற்றி அடுக்கத் தெரிய வேண்டும். ‘நேற்று’ என்பதையும் ‘நாளைக்கு’ என்பதையும் மாற்றிச் சொல்லும் வயதில் அது இயலாது. எனவே அச்சம் பிள்ளைக்குக் கிடைக்கிறது, இரக்கம் கிடைப்பதில்லை.

முகம் மாறுவது ஏன் இத்துணை அச்சம் தருகிறது? 1969-இல் ரீட்டா டிவிரீஸ் என்பவர் செய்த சோதனையை உளவியல் மாணவர்கள் படித்திருப்பர். மேனார்டு என்ற பழகிய பூனையொன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அதன் உடலின் பின்பகுதி அவர்கள் கண்ணிலேயே இருக்க, தலைக்கு மட்டும் நாய் முகமூடி அணிவித்தார். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர், அது இப்போது நாயாகிவிட்டது என்றனர். ஆறு வயதினர் ஏமாறவில்லை. சிறு பிள்ளைக்கு முகம் மாறினால் ஆளே மாறியதாகப் பொருள். 1986-இல் ஸ்பார்க்ஸ், கேண்டர் என்னும் இருவர், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றில் நல்ல மனிதர் ஒருவர் பச்சை நிற அரக்கராக மாறும் காட்சியை ஆராய்ந்தனர். அந்த அரக்கர் பிறர்க்கு உதவுபவர். கதையின் நாயகரே அவர்தான். பெரிய பிள்ளைகள் அதனை உணர்ந்திருந்தனர். பள்ளி செல்லாப் பருவத்தினரோ, அவர் உருமாறும் இடத்தில்தான் மிக அஞ்சினர்.

நம்மவர் அச்சங்கொண்ட பிள்ளைக்குச் சொல்லும் ஆறுதல், ‘அதெல்லாம் பொய்டா, சும்மா நடிக்கிறாங்க’ என்பது. இதனையும் சோதித்திருக்கின்றனர். 1984-இல் கேண்டரும் வில்சனும் சூனியக்காரி தோன்றும் ஒரு பழைய படக்காட்சியைச் சிறுவர்க்குக் காட்டினர். ‘இது உண்மையன்று’ என்று நினைவூட்டியது ஒன்பது முதல் பதினொரு வயதினர்க்குப் பயன்பட்டது; மூன்று முதல் ஐந்து வயதினர்க்குப் பயன்படவில்லை. அச்சிறுவர்களுக்கு ஆறுதல் தருபவை வேறு: அணைத்துக்கொள்ளுதல், கையில் ஒரு பொம்மை, தின்ன ஏதேனும் ஒன்று. உளவியலார் ஆய்ந்து கண்ட இதனைப் படிக்காத நம் பாட்டிமார்கள் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடி, கையில் முறுக்கைக் கொடுத்துச் செய்து வந்திருக்கின்றனர்.

பேய்ப்படம் மட்டுமே அச்சம் தரும் என்றும் கொள்ளலாகாது. சாண்டோ சின்னப்பா தேவர் தமிழில் ‘தெய்வச்செயல்’ என எடுத்த கதையை 1971-இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ என்று இந்தியில் எடுத்தார். யானை விளையாட்டுக்காகவே அப்படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். இறுதியில் இராமு என்னும் அந்த யானை குண்டடிபட்டு இறக்கிறது. விலங்குகளிடம் அன்பு வேண்டும் என்பது படம் சொல்ல வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை தன் தோழனாகிய யானை செத்துப்போனதை மட்டுமே கண்டிருக்கும்.

இன்று கைப்பேசியில் பிள்ளைகள் பார்க்காத படமா, அரங்கை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். வீட்டில் பயந்த பிள்ளை எழுந்து அடுப்படிக்கு ஓடிவிடும். அரங்கில் எங்கே ஓடும்? சுற்றிலும் இருட்டு, முகமொன்று வீட்டுச் சுவரைவிட உயரமாக நிற்கிறது, ஓசை நான்கு புறமும் வருகிறது, கதவு எங்கிருக்கிறது என்று தெரியாது. ஓசையைப்பற்றி ஒரு செய்தி: உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் காதில் அணியும் ஒலிக்கருவிகளுக்கு வரம்பு வகுத்தபோது, வாரம் நாற்பது மணிநேரக் கேட்புக்குப் பெரியவர்க்கு 80 டெசிபல் என்றும் சிறுவர்க்கு 75 டெசிபல் என்றும் வேறுபடுத்தியே வகுத்தது. நம் அரங்குகளில் ஒலி ஓர் அளவாகவே வைக்கப்படுகிறது. அது முன்வரிசை இளைஞர்களின் அளவு.

சிரிப்பு

அச்சத்தைக் காட்டிலும் நீண்ட நாள் தங்குவது நகைச்சுவை என்பது என் கருத்து. அச்சம் ஒருசில இரவில் தணியலாம். நகைச்சுவையைப் பிள்ளை பள்ளிக்கு எடுத்துச் செல்கிறது.

1989-இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழ நகைச்சுவையை அறியாதார் இல்லை. இரண்டு பழம் வாங்கிவரச் சொல்லிக் காசு கொடுக்க, ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவந்து வாதிடும் அக்காட்சிக்கு ஐந்து வயதுப் பிள்ளையும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஏனெனில், ஒன்று, இரண்டு என்று எண்ணக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, அந்த எண்ணிக்கையைப் பெரியவர் ஒருவர் குழப்புவது பேரின்பம். தன்னால் விளங்கிக்கொள்ள முடிந்த தவற்றைக் கண்டு அது சிரிக்கிறது. இத்தகைய காட்சி எந்தப் படத்தில் இருந்தாலும் பிள்ளைக்கு நல்லது.

பிற நகைச்சுவைகளோ? நிறத்தைச் சொல்லி, பருமனைச் சொல்லி, வழுக்கையைச் சொல்லி, திக்குவாயைச் சொல்லி எழுப்பும் சிரிப்பு. பேசி முடிக்குமுன் எட்டி உதைத்து எழுப்பும் சிரிப்பு. இதில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளங்குவது ஒன்றே: இப்படிப்பட்ட ஆளைக் கண்டால் சிரிக்க வேண்டும். ஐந்நூறு பேர் ஒருசேரச் சிரிக்கின்றனர். தன் தந்தையும் சிரிக்கிறார். தொடக்கப்பள்ளி ஆசிரியராக உள்ள நண்பரொருவர் சொல்வார்: படமொன்று நன்றாக ஓடினால், மறுவாரம் தம் வகுப்பில் யாரேனும் ஒரு பிள்ளைக்குப் புதுப்பெயர் வந்துவிடும் என்று. அந்தப் பெயர் சிலருக்குப் பள்ளியிறுதி வரை நிற்கிறது.

சண்டையைக் கண்டு பிள்ளை சண்டை கற்கும் என்பதைத்தான் எல்லோரும் பேசுகின்றனர். ஆல்பர்ட் பாண்டூரா 1961-லும் 1963-லும் செய்த பொம்மைச் சோதனைகள் அவ்வாறு பேச இடமளித்தன. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் படத்தில் கண்ட பிள்ளைகளும் அவ்வாறே அடித்தனர். ஆயினும் சண்டையைப் பின்பற்றும் பிள்ளையை நாம் உடனே கண்டிக்கிறோம். கேலியைப் பின்பற்றும் பிள்ளையை, ‘என்னமா பேசுது பாரு!’ என்று விருந்தினர் முன் நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்கிறோம்.

சான்றிதழ்

‘யு’ என்று போட்டிருக்கிறதே என்பது பலரும் சொல்லும் அமைதி. 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் முதலில் ‘யு’, ‘ஏ’ என இரண்டே வகை இருந்தன. 1983-இல் ‘யுஏ’வும் ‘எஸ்’ஸும் சேர்ந்தன. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ‘யுஏ’ என்பது 7, 13, 16 வயது என மூன்றாகப் பகுக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் ‘யுஏ’ என்பது பெற்றோர்க்குச் சொல்லும் அறிவுரைதான். அதனைக் காட்டி வாயிற்காப்போர் எந்தப் பிள்ளையையும் தடுக்க இயலாது.

‘யு’ என்பதன் பின்னே வணிகமும் உண்டு. 2011-இல் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்குப் பெற ‘யு’ சான்றிதழை ஒரு நிபந்தனையாக வைத்தது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வரும்வரை, படத்தில் இங்கொரு வெட்டும் அங்கொரு மௌனமும் செய்து ‘யு’ பெறுவது தயாரிப்பாளர்க்குப் பணமாக இருந்தது. இன்றும் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது. எனவே அவ்வெழுத்து, ‘இன்னது இதில் இல்லை’ என்று சொல்கிறதே தவிர, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏற்றதாக எடுக்கப்பட்டது என்று சொல்லவில்லை.

குழந்தைக்கெனவே எடுக்கப்படும் படம் நம் நாட்டில் அரிது. 1955-இல் மைய அரசு குழந்தைகள் திரைப்படக் கழகத்தை நிறுவியது. கேதார் சர்மா இயக்கிய அதன் முதற்படமாகிய ‘ஜல்தீப்’ 1957-இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. அக்கழகம் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. இத்தனை ஆண்டுகளில் அதன் படமொன்றை நம் ஊர் அரங்கில் கட்டணம் கொடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? நல்ல படம் எடுத்தார்கள். அது பிள்ளையிடம் வந்து சேர வழி செய்யவில்லை.

அருகில் இருப்பவர்

அப்படியாயின் பிள்ளைகளை வீட்டில் பூட்டிவைக்க வேண்டுமா? நான் அவ்வாறு சொல்லவில்லை. வாரம் ஆறு நாளும் உழைக்கும் குடும்பத்துக்கு, தாய் தந்தை பிள்ளை மூவரும் ஒருசேர அமர்ந்திருக்கும் மூன்று மணிநேரம் வேறெங்கும் கிடைப்பதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கிய இராம நாராயணனின் படங்களைத் திறனாய்வாளர் எவரும் உயர்ந்தவை என எழுதியதில்லை. ஆயினும் 1990-இல் வந்த ‘துர்கா’வில் பேபி ஷாமிலியோடு குரங்கும் நாயும் செய்த வேடிக்கைக்கு அரங்கு நிறையப் பிள்ளைகள் ஆரவாரித்தனர். அந்தப் பிள்ளைகள் இன்று தம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர். குரங்கு ஆபத்தை உணர்ந்து ஓடிவருவதில் காரணகாரியம் பார்க்கும் வயது அவர்களுக்கு அன்று இல்லை. இருந்திருந்தால் அந்த மகிழ்ச்சியும் இருந்திருக்காது. நடுத்தரப் படம் பிள்ளைக்கு ஒன்றுமே தருவதில்லை என்பவர், பிள்ளைகளோடு படம் பார்த்தவராக இருக்க முடியாது.

கருதவேண்டியது அருகில் அமர்ந்திருப்பவரின் செயலையே. 1968-இல் டேவிட் ஹிக்ஸ் என்பவர், வன்செயற் படத்தைச் சிறுவர் பார்க்கையில் உடனிருந்த பெரியவர் அதனைப் புகழ்ந்தால் என்ன ஆகிறது, கண்டித்தால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். அப்பெரியவர் உடனிருக்கும்வரை, புகழ்ந்தபோது பின்பற்றல் மிகுந்தது; கண்டித்தபோது குறைந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு வலிமை. திரையில் ஒருவனை நிறம் சொல்லி இழித்து அரங்கே சிரிக்கும்போது, நீங்கள் சிரிக்காமல் இருந்தாலே மடியில் இருக்கும் பிள்ளை உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். ‘பாவம்டா அந்த அண்ணன்’ என்று காதோரம் சொன்னால் போதும்.

இடம் பிடிக்கும்போது நடைவழியோரம் பிடியுங்கள். இரவுக் காட்சியைத் தவிர்த்துப் பகற்காட்சிக்குச் செல்லுங்கள். ‘வீட்டுக்குப் போலாம்’ என்று பிள்ளை சொன்னால் எழுந்துவிடுங்கள். கொடுத்த காசு வீணாகிறதே என்றுதான் பலரும் எழுவதில்லை. சென்ற ஆண்டு ஓர் அரங்கில் எனக்கு முன்வரிசையில் இருந்த சிறுமி, இடைவேளைக்குப் பின் இருபது நிமிடம் ‘போலாம்ப்பா, போலாம்ப்பா’ என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அவள் தந்தை தீயவரல்லர்; தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டேதான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருக்கைக்குக் கீழே தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

படம் முடிந்து பேருந்துக்கு நிற்கும் நேரத்தில், பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லுங்கள். ‘அப்படி இல்லடா’ என்று குறுக்கே திருத்த வேண்டாம். எதை முதலில் சொல்கிறான், எதை விட்டுவிடுகிறான், யாருக்காக வருந்துகிறான் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். நீங்கள் பார்த்த படம் வேறு, அவன் பார்த்த படம் வேறு என்பது தெரியும். சொல்லிக்கொண்டே வந்தவன் திடீரென நிறுத்தி, ‘மாமா, அந்தப் பேய் இப்ப எங்க இருக்கும்?’ என்று கேட்டால், சிரிக்காதீர்கள். அன்றிரவு விளக்கை அணைக்காமல் அவன் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.